எட்டு வாரக் களப்பயிற்சி: அனுமதிக் கடிதம் முதல் கையெழுத்துச் சான்றிதழ் வரை

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. பையும் அடையாள அட்டையுமாக ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் நிற்கிறீர்கள். மருத்துவ அலுவலர் மாவட்டக் கூட்டத்துக்குப் போய்விட்டார். மருந்தாளுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யாரைப் பாக்கணும்?" என்கிறார். நீங்கள் வரப்போகும் செய்தி அங்கே ஒருவருக்கும் தெரியாது. மதியம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு விடுதிக்குத் திரும்புகிறீர்கள்.

பொது சுகாதார முதுநிலை மாணவர்கள் பலருக்குக் களப்பயிற்சி இப்படித்தான் தொடங்குகிறது. எனக்கும் அப்படித்தான். முதல் மூன்று வாரம் புறநோயாளிப் பதிவேட்டைப் பார்த்து இன்னொரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். என்னை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என்ன வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிற்பாடு மாணவர்களைக் களத்துக்கு அனுப்பும் வேலைக்கு வந்தபோதுதான் ஒன்று புரிந்தது: மேற்பார்வை தானாக வந்து சேராது. நேரம் குறிப்பது, தாள் எடுத்துப் போவது, கேள்வி கேட்பது எல்லாம் மாணவர் வேலை. இந்த அத்தியாயம் அந்த வேலையைப் பற்றியது. தமிழ்நாட்டுக் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் 8 வாரம் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். உங்கள் கல்லூரி 6 வாரமோ 12 வாரமோ கொடுத்திருந்தால் நடுவில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் மட்டும் தொடாதீர்கள்.

1. போவதற்கு முன்: கடிதம்

முதலில் எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதைச் சரியாகப் பிடியுங்கள். வருவாய் மாவட்டம் வேறு, சுகாதார மாவட்டம் வேறு. திண்டுக்கல் மாவட்டத்துக்குள் பழனி தனிச் சுகாதார மாவட்டம். தூத்துக்குடிக்குள் கோவில்பட்டியும், ராமநாதபுரத்துக்குள் பரமக்குடியும் அப்படியே. பரமக்குடிப் பக்கத்து ஊருக்கு ராமநாதபுரத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் பதிலுக்குக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1. போக நினைக்கும் நிலையம் எந்தச் சுகாதார மாவட்டத்தில் வருகிறது என்று அந்த நிலையத்திலேயே கேளுங்கள்.
2. துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம், உங்கள் அடையாள அட்டை நகல், நாட்கள், கல்லூரி வழிகாட்டியின் கைபேசி எண் ஆகியவற்றை மாவட்ட சுகாதார அலுவலருக்குக் கொடுங்கள். 'டி.டி. ஆபீஸ்' என்று கேட்டால் ஊரில் வழி காட்டுவார்கள். துணை இயக்குநர் அலுவலகமாக இருந்த காலத்துப் பெயர் அது. சில கல்லூரிகள் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்ககம் வழியாகவும் கடிதம் வாங்குகின்றன. உங்கள் கல்லூரியின் வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னை நகருக்குள் என்றால் போக வேண்டியது ரிப்பன் மாளிகையில் மாநகர நல அலுவலரிடம்.
3. அனுமதி ஆணை வந்ததும் வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு நகலையும், நீங்கள் உட்காரப்போகும் நிலையத்தின் மருத்துவ அலுவலருக்கு ஒரு நகலையும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆணை கீழே இறங்கிவர நாளாகும். அதைக் கையில் எடுத்துப் போகிறவர் நீங்களாகவே இருங்கள்.
4. புறப்படுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை போன் செய்யுங்கள். "திங்கட்கிழமை சார் இருப்பாரா? இல்லேன்னா யாருகிட்ட ரிப்போர்ட் பண்ணணும்?" இந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் மேலே சொன்ன பெஞ்சு உங்களுக்குக் கிடையாது.

குறைந்தது 6 வாரம் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள். நேர்காணலோ கணக்கெடுப்போ நடத்தி அதை ஆய்வேடாகவோ கட்டுரையாகவோ எழுதும் எண்ணம் இருந்தால் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள்தான் இங்கே அடிப்படை. 'பயிற்சிதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிட்டால், தரவைச் சேகரித்து முடித்த பிறகு பின்தேதியிட்டு ஒப்புதல் தர எந்தக் குழுவும் முன்வராது.

2. ஒற்றைத் தாள்

களத்தில் உங்களுக்கு இரண்டு வழிகாட்டிகள். ஒருவர் கல்லூரி ஆசிரியர், மற்றவர் களத்தில் இருக்கும் அலுவலர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒருவர் ஆய்வேடு எதிர்பார்ப்பார், மற்றவர் முகாமுக்கு ஆள் எதிர்பார்ப்பார். நடுவில் நசுங்குவது நீங்கள். அதனால் முதல் வாரம் முடிவதற்குள் ஒரே ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள்:

1. நான் கற்க வேண்டியவை: மூன்றே வரி.
2. நான் செய்துதரப்போகும் ஒரு வேலை: ஒரே வரி.
3. வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு மேற்பார்வைச் சந்திப்பு.
4. நான் செய்யக் கூடாதவை.
5. அவசரத்தில் யாரை முதலில் அழைப்பது. அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார்.

இரண்டாவது வரியில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். 'கிராமப்புற மக்களின் சுகாதார நிலை: ஓர் ஆய்வு' என்று எழுதிக்கொண்டு வருவார்கள். சமவெளியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 பேர், ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. 8 வாரத்தில், அதிலும் முகாம், திருவிழா, விடுமுறை போக 35 நாளில், 30,000 பேரின் நிலையை யார் அளப்பது? ஒரு துணை நிலையத்தை எடுங்கள், ஒரு திட்டத்தை எடுங்கள். உதாரணமாக, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்குகிறவர்கள். 'இந்தத் துணை நிலையத்தில் மாத்திரையை இடையில் விட்டவர்கள் எத்தனை பேர், ஏன் விட்டார்கள்?' இது செய்யக்கூடிய வேலை. முடிவு வந்தால் செவிலியர் மறுநாளே அந்த வீடுகளுக்குப் போகலாம்.

*சோதித்துப் பார்க்க:* தலைப்பைக் கிராம சுகாதார செவிலியரிடம் வாய்மொழியாகச் சொல்லுங்கள். "அது தெரிஞ்சா எனக்கு உபயோகமா இருக்கும்" என்று சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். "நல்லது மேடம், செய்யுங்க" என்றால் மாற்றுங்கள்.

3. முதல் வாரம்: கேள்வித்தாளை எடுக்காதீர்கள்

முதல் ஐந்து நாள் யார் பின்னாலாவது நடப்பது மட்டுமே வேலை. பெரும்பாலான நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன்கிழமை தடுப்பூசி. இந்த இரண்டு நாளையும் தவறவிட்டால் இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் கிராம சுகாதார செவிலியருடன் ஒரு நாள், சுகாதார ஆய்வாளருடன் ஒரு நாள், வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலருடன் ஒரு நாள்.

ஊரில் கிராம சுகாதார செவிலியரை 'நர்ஸம்மா' என்பார்கள். இந்தச் சந்தில் யார் மருமகள் மாசமாக இருக்கிறாள், யார் வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாமியார் இருக்கும்போது பேசக் கூடாது என்று எல்லாம் அவருக்குத் தெரியும். வயதில் உங்கள் அம்மாவை ஒத்தவராக இருக்கலாம். பட்டப்படிப்பைக் காட்டி அவரைச் சோதிக்காதீர்கள். 'சிஸ்டர்' என்று கூப்பிட்டால் போதும். பையைத் தூக்கிக்கொண்டு உடன் நடங்கள். அவர் வீட்டுக்குள் போனால் செருப்பை எங்கே விடுகிறார் என்று பார்த்து அங்கேயே விடுங்கள்.

புதன்கிழமை தடுப்பூசி அறையில் பார்க்க வேண்டியவை இவை. ஐ.எல்.ஆர். என்னும் குளிர்பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா? காலை, மாலை இரு வேளையும் பதிவேட்டில் குறிக்கிறார்களா? மருந்துக் குப்பியின் மேலுள்ள வட்டத்துக்குள் சின்னச் சதுரம் ஒன்று இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்தைப் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறமாகிவிட்டால் கூடாது. பி.சி.ஜி. குப்பியைக் கலக்கிய நேரத்தை அதன் மேல் எழுதுகிறார்கள் பாருங்கள். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு அதைத் தொட மாட்டார்கள். வகுப்பில் 'குளிர்ச் சங்கிலி' என்று பத்து ஸ்லைடு பார்த்திருப்பீர்கள். அந்தச் சின்னச் சதுரத்தை நேரில் பார்த்தபின் அந்தப் பத்து ஸ்லைடும் வேறு மாதிரி நினைவில் நிற்கும்.

இந்த வாரத்திலேயே களக் குறிப்பேடு தொடங்கிவிடுங்கள். வலப்பக்கத்தில் பார்த்தது, இடப்பக்கத்தில் புரியாதது. அன்றன்று ராத்திரியே எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளுக்கும் சேர்த்து எழுதிய குறிப்பேடு கையெழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு.

4. மேற்பார்வைச் சந்திப்பை நடத்துவது எப்படி

கள வழிகாட்டி ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் புறநோயாளிகளைப் பார்த்துவிட்டு, ஆன்லைன் பதிவேற்றம், காணொலிக் கூட்டம் என்று இருப்பவர். உங்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொன்னால் ஒதுக்க மாட்டார், ஒதுக்கவும் முடியாது. அரை மணி கேளுங்கள். புறநோயாளிப் பிரிவு முடிந்து அவர் சாப்பிடப் போவதற்கு முந்தைய நேரத்தைக் கேட்காதீர்கள். பசியோடு இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள்.

1. முந்தைய நாள் மாலை வாட்ஸ்அப்பில் மூன்று வரி அனுப்புங்கள்: இந்த வாரம் செய்தது, சிக்கியது, கேட்க வேண்டியது.
2. சந்திப்பில் குறிப்பேட்டின் இடப்பக்கத்தைத் திறந்து வையுங்கள். செய்ததைச் சொல்ல ஐந்து நிமிடம். மீதி நேரம் முழுவதும் புரியாததற்கு.
3. ஒரு முடிவாவது எடுக்காமல் எழுந்திருக்காதீர்கள். 'அடுத்த வாரம் கிழக்குத் தெரு மட்டும்' என்பது முடிவு. 'நல்லா பண்ணுங்க' என்பது முடிவல்ல.
4. எடுத்த முடிவை அன்றே இரண்டு வழிகாட்டிகளுக்கும் எழுதி அனுப்புங்கள். கல்லூரி ஆசிரியர் ஒருநாள் போன் செய்து 'நான் சொன்ன சாம்பிள் சைஸ் என்னாச்சு?' என்று கேட்கும்போது இந்தச் செய்தி உங்களைக் காப்பாற்றும்.
5. நான்காவது வாரத்தில் ஒரு சந்திப்பை மட்டும் உங்களைப் பற்றியே கேட்கப் பயன்படுத்துங்கள்: 'நான் எங்கே தடுமாறுகிறேன்? எதை நிறுத்த வேண்டும்?' எட்டாவது வாரத்தில் கேட்டால் பாராட்டுதான் கிடைக்கும்.

வழிகாட்டிக்கு நேரமே இல்லை என்றால் என்ன செய்வது? புலம்ப வேண்டாம். அவர் முகாமுக்கு ஜீப்பில் போகும்போது நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல மேற்பார்வையில் பெரும்பகுதி ஜீப்பின் பின்சீட்டில் கிடைத்ததுதான். இரண்டு வாரம் தொடர்ந்து சந்திப்பே நடக்கவில்லை என்றால் கல்லூரி வழிகாட்டிக்குச் சொல்லுங்கள். குற்றச்சாட்டாகச் சொல்லாமல், 'வாராவாரம் என்னைச் சந்திக்கச் சுகாதார ஆய்வாளரை நியமிக்க முடியுமா என்று நீங்கள் கேட்பீர்களா?' என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அது நடக்கும்.

5. ஒரு காலை: கொசுப்புழுக் கணக்கெடுப்பு

மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு இந்த வேலை எப்படியும் வரும். கிட்டத்தில் நின்று பார்த்துவிடலாம்.

வேண்டியவை: டார்ச், வெள்ளைத் தட்டு, நீளக் கைப்பிடிக் கரண்டி, பில்லர், மூடியுள்ள சின்னக் குப்பி, அட்டையில் செருகிய படிவம், பென்சில். மழையில் பேனா எழுதாது.

1. தெருவின் ஒரு முனையில் தொடங்கி இடப்பக்கமாகவே போங்கள். வீடுகளைத் தாண்டாதீர்கள்.
2. வாசலில் நின்று பெயர், படிப்பு, யாருடன் வந்திருக்கிறீர்கள், எதற்கு என்று சொல்லி, உள்ளே வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லி நகருங்கள். படிவத்தில் 'மறுப்பு' என்று குறியுங்கள்.
3. வெளியே தொடங்குங்கள்: சிமெண்ட் தொட்டி, டிரம், டயர், ஆட்டுக்கல், தேங்காய் ஓடு, டீக்கடைக் கப். பிறகு உள்ளே: பூந்தொட்டித் தட்டு, மணிபிளாண்ட் பாட்டில், பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு.
4. டார்ச் வெளிச்சத்தைத் தண்ணீர் மேல் சாய்வாகக் காட்டி அரை நிமிடம் அசையாமல் இருங்கள். நிழல் விழுந்ததும் புழு கீழே இறங்கிவிடும். மூச்சுவிட மறுபடி மேலே வரும்.
5. புழு இருந்தால் அந்தக் கொள்கலனை வீட்டுக்காரருக்கே காட்டுங்கள்.

ஐந்தாவது படியில்தான் வேலையே இருக்கிறது. ஒரு மாணவியுடன் போயிருந்தபோது நடந்தது இது. வீட்டில் ஒரு பாட்டி மட்டும்.

"ஏம்மா, நீ டாக்டரா?"

"இல்ல பாட்டி, படிச்சிட்டிருக்கேன். பிரிட்ஜுக்குப் பின்னாடி ஒரு தட்டு இருக்கும், பாக்கலாமா?"

"தட்டா? பத்து வருசமா வச்சிருக்கேன், அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாதே."

தட்டை வெளியே இழுத்து வெள்ளைத் தட்டில் ஊற்றி டார்ச் அடித்ததும் ஏழெட்டுப் புழு நெளிந்தன. பாட்டி குனிந்து பார்த்தார். அடுத்த வீட்டுக்காரியை அவரே கூப்பிட்டு, "உன் பிரிட்ஜைத் திருப்பு" என்றார். எந்தத் துண்டுப் பிரசுரமும் செய்யாத வேலை அது.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் கிடக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும், அதுவும் வாரம் ஒரு முறை. முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகிறது என்பதால்தான் இந்த வாரக் கணக்கு.

இனி எண்கள். 120 வீட்டுக்குப் போனீர்கள்; 22 வீடு பூட்டியிருந்தது. பார்த்தது 98. புழு இருந்தது 7 வீட்டில். தண்ணீர் உள்ள கொள்கலன்கள் 310, புழு இருந்தவை 11.

வீட்டுக் குறியீடு: 7 ÷ 98 × 100 = 7.1
கொள்கலன் குறியீடு: 11 ÷ 310 × 100 = 3.5
பிரேட்டோ குறியீடு, அதாவது 100 வீட்டுக்குப் புழுவுள்ள கொள்கலன்கள்: 11 ÷ 98 × 100 = 11.2

அடிக்கடி நடக்கும் தவறு 98க்குப் பதில் 120ஆல் வகுப்பது. வீட்டுக் குறியீடு 5.8 ஆகிவிடும். தெரு திடீரென்று சுத்தமாகிவிட்டது போல இருக்கும். பூட்டிய வீட்டின் மொட்டைமாடித் தொட்டியில் என்ன நெளிகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த 22 வீட்டுக்கும் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ மறுபடி போங்கள். அப்போதும் திறக்காதவற்றை அறிக்கையில் தனியாகச் சொல்லுங்கள்.

6. தரவும் ரகசியமும்

- பதிவேட்டைக் கைபேசியில் படம் எடுக்காதீர்கள். கர்ப்பிணியின் பெயர், கணவர் பெயர், முகவரி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். எச்.ஐ.வி. நிலையை வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.
- படிவத்தில் பெயருக்குப் பதில் எண். எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் தனி நோட்டில், தனிப் பூட்டில்.
- 'களத்தில் நான்' என்று நோயாளியுடன் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்திருந்தாலும் வேண்டாம். நர்ஸம்மாவுடன் வந்த பிள்ளையிடம் முடியாது என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் வாய் வராது.

எண்ணில் கோளாறு தெரிந்தால்? ஒரு நாள் தெரியத்தான் போகிறது. பதிவேட்டில் 40 குழந்தைகளுக்குத் தடுப்பூசி, நீங்கள் எண்ணியபோது 36 என்று வரும். உடனே 'பொய்க் கணக்கு' என்று முடிவுகட்டாதீர்கள். நான்கு குழந்தைகள் அம்மா வீட்டு ஊரிலிருந்து வந்து போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அப்படி வருகிறவர்கள் நிறைய. முதலில் அந்தச் செவிலியரிடமே, தனியாக, 'எனக்கு எண்ணிக்கை ஒத்துவரவில்லை, எங்கே விட்டேன் சிஸ்டர்?' என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் கள வழிகாட்டியிடம் போங்கள். வட்டாரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து கேட்பது நேர்மை என்று நினைத்த மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும். அதன்பின் மீதி ஐந்து வாரம் அவருடன் களத்துக்கு வர ஒருவரும் தயாராக இல்லை.

7. பாதுகாப்பு

இந்தப் பகுதியை மட்டும் புறப்படுவதற்கு முன் இரண்டு முறை படியுங்கள்.

*தடுப்பூசி:* ஹெபடைடிஸ் பி மூன்று தவணை முடிய 6 மாதம் ஆகும். படிப்பில் சேர்ந்த உடனே தொடங்கியிருக்க வேண்டும். டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள்.

*ஊசி குத்திவிட்டால்:*
1. சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள்.
2. உடனே மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க இது சின்ன விஷயமல்ல.
3. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்வார். 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. தொடங்கினால் 28 நாள்.

*நாய் கடித்தால்:* 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் என்று ஊரார் கொண்டுவருவதைப் பணிவாக மறுத்துவிடுங்கள். அன்றே ஊசி. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள். பயிற்சி முடிந்து ஊருக்குப் போய்விட்டாலும் 28ஆம் நாள் ஊசியை விடாதீர்கள்.

*காசநோயாளி வீடு:* என்95 முகக்கவசம். பேச்சு திண்ணையிலோ வாசலிலோ நடக்கட்டும். தெருவே பார்க்கும்படி முகக்கவசத்துடன் போய் நின்று அவர் நோயை அறிவித்துவிடாதபடி நேரத்தையும் இடத்தையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

*வெயில்:* சித்திரை, வைகாசியில் காலை 7 முதல் 10.30வரை, பிறகு மாலை 4க்கு மேல். நூறு நாள் வேலைக்குப் போகும் ஊரில் காலையிலும் ஆள் இருக்காது, மாலையை வைத்துக்கொள்ளுங்கள். குடையும் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடியும் பையிலேயே இருக்கட்டும்.

*போக்குவரத்து:* களத்தில் மாணவர்களுக்கு நேரும் பெரிய ஆபத்து தொற்று நோயல்ல, இருசக்கர வாகனம். பின்னால் உட்கார்ந்தாலும் தலைக்கவசம். மூன்று பேர் ஏற வேண்டிய நிலை வந்தால் பேருந்துக்குக் காத்திருங்கள்.

*தனியாகப் போகாதீர்கள்.* எந்தத் தெரு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தினமும் ஒருவருக்குச் செய்தி அனுப்புங்கள். எந்த வீட்டிலாவது, அல்லது நிலையத்துக்குள்ளேயே, யாராவது தகாத முறையில் பேசினாலோ நடந்தாலோ வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள். படிவம் நிரம்பாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர் எண்ணைப் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பெண்கள் உதவி எண் 181.

*எல்லை:* மருத்துவப் பட்டம் பெற்றவராக இருந்தாலும் இங்கே நீங்கள் பயிற்சி மாணவர். ஊசி போடாதீர்கள், மாத்திரையை மாற்றச் சொல்லாதீர்கள், பதிவேட்டில் வேறொருவருக்காகக் கையெழுத்திடாதீர்கள். வீட்டில் மூச்சிரைக்கும் குழந்தையையோ, கைகால் வீங்கித் தலைவலி என்று சொல்லும் கர்ப்பிணியையோ பார்த்தால் நேர்காணலை அங்கேயே நிறுத்துங்கள். செவிலியருக்குப் போன் செய்யுங்கள். தேவையானால் 108. ஆம்புலன்ஸ் வரும்வரை உடனிருங்கள்.

8. கடைசி இரண்டு வாரம்

ஏழாவது வாரத்தோடு தரவு சேகரிப்பை நிறுத்திவிடுங்கள், இன்னும் பத்து வீடு பாக்கி இருந்தாலும் சரி. கல்லூரிக்கு 40 பக்க அறிக்கை எழுதத்தான் வேண்டும். அதைப் பற்றி உங்கள் ஆசிரியர் சொல்வார். நான் சொல்ல வருவது நிலையத்துக்குக் கொடுக்க வேண்டிய இரண்டு பக்கத்தைப் பற்றி. தமிழில், பெரிய எழுத்தில், முதல் பக்கத்தில் கண்டது, இரண்டாம் பக்கத்தில் அவர்களே செய்யக்கூடிய மூன்று வேலை. 'விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்' என்பது வேலையல்ல. 'மாத்திரையை விட்ட 19 பேரில் 11 பேர் காலை ஏழு மணிக்கே வேலைக்குப் போகிறவர்கள்; தன்னார்வலர் வாரத்தில் ஒரு மாலை போக முடியுமா?' என்பதுபோல எழுதுங்கள். அந்த 19 பேரின் பட்டியல் செவிலியர் கையில் மட்டும் போகட்டும்.

1. மாதாந்திரக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கிச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய நாளே செவிலியரிடமும் ஆய்வாளரிடமும் காட்டிவிடுங்கள். தங்கள் பகுதி எண்களை அவர்கள் முதன்முதலாகக் கூட்டத்தில் பார்க்கக் கூடாது.
2. எண், பெயர் பட்டியலை என்ன செய்வதென்று நெறிமுறை ஒப்புதலில் சொன்னபடி செய்யுங்கள். கைபேசியில் மிச்சமிருப்பவற்றை அழியுங்கள்.
3. வாங்கிய டார்ச், தட்டு, குடையைத் திருப்பிக் கொடுங்கள்.
4. உங்களை உள்ளே விட்ட வீடுகளில் பக்கத்தில் இருக்கும் நாலைந்துக்காவது போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள்.
5. வருகைச் சான்றிதழில் மருத்துவ அலுவலரின் கையெழுத்து, தேதி, அலுவலக முத்திரை மூன்றும் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். முத்திரை மருந்தாளுநர் மேஜையில் இருக்கும். அவர் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். அந்த ஒரு முத்திரைக்காக அடுத்த வாரம் மூன்று பேருந்து மாறி மறுபடி போன மாணவியை எனக்குத் தெரியும்.